பலிபீடத்திலிருந்து பாடகர் மாடிவரை ஒரு யூஎஸ்பி வயர்

"எனக்கு ஃபாதர் மூஞ்சி வேணாம் தம்பி. ஆளுங்க மூஞ்சி வேணும்," என்றாள் அக்கா.

படுத்தபடிதான் சொன்னாள். அவளுக்கு முதுகெலும்பில் கட்டி. பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது. டத்தோ கிராமாட்டில் எங்கள் வீடு ஒரு பழைய ஃபிளாட்டின் நான்காம் மாடி. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாட்களில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அண்ணனும் நானும் அவளை நாற்காலியோடு தூக்கி இறக்குவோம். கோயிலுக்கும் அப்படியே தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன்.

"வேணாம்டா. திருநாளுக்கு மாதா சுரூபத்தத் தூக்குற மாதிரி தூக்கிட்டுப் போவீங்க. எல்லாரும் என்னையப் பாத்து சிலுவை போடுவாங்க. தேவையா எனக்கு?"

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஃபோனில் பூசை பார்த்தாள். கொரோனா காலத்தில் எங்கள் கோயிலில் தொடங்கிய நேரலை அது. அதற்கு இருந்தது ஒரே கேமரா. கோயிலின் பின்பக்கம், பாடகர் குழு நிற்கிற மாடியில், கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே இருந்தது. அங்கிருந்து பார்த்தால் பலிபீடம் தீப்பெட்டி அளவு. மீதியெல்லாம் முதுகு.

"எல்லாருக்கும் பின்மண்டதான்டா தெரியுது. யாருக்கு எவ்வளவு முடி கொட்டிருச்சுன்னு எண்ணிக்கிட்டு இருக்கேன்," என்பாள்.

அவள் கேட்டது ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்காக இல்லை. ஈஸ்டருக்கு முந்தின சாயங்காலம் நடக்கும் பாஸ்கா திருவிழிப்புக்காக. அந்தப் பூசை இருட்டில் தொடங்கும். கோயில் விளக்கெல்லாம் அடைத்துவிடுவார்கள். வெளியே நெருப்பு மூட்டி, அதில் பெரிய மெழுகுவர்த்தியைப் பற்றவைத்து, ஃபாதர் அதை ஏந்திக்கொண்டு உள்ளே வருவார். அதிலிருந்து கடைசி வரிசைக்காரர்கள் தங்கள் மெழுகுவர்த்தியைப் பற்றவைத்து முன்வரிசைக்குக் கொடுப்பார்கள். அக்கா பதினேழு வயதிலிருந்து அந்தப் பூசையில் பதிலுரைப் பாடல் பாடுகிறவள். பாடுவது கீழே வாசக மேடையில். பாடகர் மாடியின் படியோ செங்குத்தான மரப்படி. இருட்டில் இறங்க முடியாது. ஆகவே விளக்கை அடைப்பதற்கு முன்பே இறங்கி வந்து, முன்னால் வாசக மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொள்வாள். கோயிலில் எல்லாரும் பலிபீடத்தைப் பார்த்து நிற்க, அவள் மட்டும் ஆட்களைப் பார்த்து நிற்பாள்.

"பாடுறது எல்லாம் ரெண்டாவதுதான் தம்பி. அங்க நின்னு பாக்குறேன் பாரு, அதுக்குத்தான் வருசம் பூரா காத்துக்கிட்டு இருப்பேன். இந்தத் தடவ அத மட்டும் காட்டிடு. வேற எதுவும் கேக்க மாட்டேன்."

டாக்டர் சொன்னது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தத் தடவை என்றால் என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

நான் வயரிங் வேலை செய்கிறவன். ஃபார்ம் திரியோடு, பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்தை விட்டேன். ஏர்கான், சிசிடிவி, விளக்கு, எது கொடுத்தாலும் செய்வேன். ஃபாதரிடம் போய்க் கேட்டேன். "செலவு வைக்காம செய்யி, கோயில்பிள்ளை அங்கிள்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடு," என்றார். இரண்டாவதாக ஒரு யூஎஸ்பி கேமராவை வாசக மேடைக்குப் பக்கத்துத் தூணில் மாட்டுவது, வயரை மாடிக்கு இழுப்பது. அரை நாள் வேலை என்று நினைத்தேன். சுவரோரமாக அளந்தால் முப்பத்தெட்டு மீட்டர் வந்தது.

முதலில் எனக்குத் தெரிந்த மாதிரி செய்தேன். யூஎஸ்பி நீட்டு வயர்களை வாங்கி, ஒன்றின் வாலில் இன்னொன்றைச் சொருகி, எட்டு வயர் கோத்தேன். கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு கேமரா இருப்பதே தெரியவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தேன். மூன்று வயர் மிச்சமிருந்தபோது ஒரு படம் வந்தது, நின்றது, போயிற்று. தூணுக்கு இன்னும் பாதிக் கோயில் இருந்தது.

வாங்கிய வயர்களை அள்ளிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரச் சீனர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பாஸ், இது தாக் போலே லா, முடியாது. அஞ்சு மீட்டர், ஹாபிஸ். முடிஞ்சு," என்று மலாய் பாதி, தமிழ் பாதியாகச் சொன்னார். பிறகு கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு ஜோடி சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார். ஒன்று கம்ப்யூட்டர் பக்கம், ஒன்று கேமரா பக்கம். நடுவில் இன்டர்நெட்டுக்கு இழுக்கிற அதே வயர். ஆனால் அது இன்டர்நெட் பெட்டி எதிலும் நுழையக் கூடாது, இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு நேராகப் போக வேண்டும் என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். ஐம்பது மீட்டர்வரை தாங்கும். கேமரா பக்கத்துப் பெட்டிக்கு மட்டும் தனியாகக் கரண்ட் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் காட்டினேன். அவள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் எட்டு வருடம் சர்க்யூட் போர்டு பார்த்தவள். மைக்ராஸ்கோப் வைத்து ஈயம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. பெட்டியை வாங்கி மூக்குக்கு நேராக வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அஞ்சு மீட்டருக்கு மேல ஏன் போகாதாம்?"

"கம்ப்யூட்டர் கூப்பிட்டுக்கிட்டே இருக்குமாம் அக்கா. பதில் வர கொஞ்சம் லேட்டானா, ஆள் இல்லன்னு முடிவு பண்ணிடுமாம்."

"அம்மா மாதிரி," என்றாள்.

சமையலறையிலிருந்து அம்மா, "என்ன அங்க, என் பேரு அடிபடுது?" என்று கத்தினாள். நாங்கள் பதில் சொல்வதற்குள், "கூப்புட்டா ஒருத்தருக்கும் வாய் தொறக்காது!" என்றாள். அக்கா சிரித்துச் சிரித்து, முதுகு வலித்து, தலையணையைக் கடித்துக்கொண்டாள்.

வயர் இழுக்க மூன்று சாயங்காலம் ஆனது. கோயில்பிள்ளை அங்கிள் கூடவே நின்றார். எழுபது வயதுக்குப் பக்கம் இருக்கும். கோயில் சாவி, மணி, மெழுகுவர்த்தி, சுவிட்ச் எல்லாம் அவர் பொறுப்பு.

"மாதா சுரூபத்துக்குப் பின்னால ஓட்ட போடாத."

"போடல அங்கிள். ஓரமாத்தான் போவுது."

"கல்யாணப் பொண்ணு கவுன்ல மாட்டுச்சுன்னா உன்னத்தான் இழுத்துட்டு வருவேன்."

பிளாஸ்டிக் மூடிக்குள் வயரை விட்டு, சுவரோரமாக ஆணி அடித்து, தூண் வரைக்கும் கொண்டுபோனேன். கேமரா பக்கத்துப் பெட்டிக்கு, பலிபீடத்துக்குப் பின்னால் இருந்த பழைய பிளக்கில் அடாப்டரைச் சொருகினேன். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. மாடிக்கு ஓடிப் போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டரில் முழுக் கோயிலும் தெரிந்தது. உடனே அக்காவுக்கு ஃபோன் போட்டேன்.

"தெரியுதா?"

"தெரியுது லா! அங்கிள் பெருக்குறாரு. ஐயோ, பெஞ்சுக்கு அடியில தள்ளிட்டுப் போறாரு தம்பி, குப்பைய!"

குருத்து ஞாயிறு அன்றைக்கு அவள் பூசை முழுக்க அந்தக் கேமராவில்தான் பார்த்தாள். யார் தாமதமாக வந்தார்கள், யார் பிரசங்கத்தில் தூங்கினார்கள், யார் யாரோடு பேசுவதில்லை என்று எல்லாம் நான் வீட்டுக்கு வந்ததும் எனக்குச் சொன்னாள். பாடகர் குழுவில் அவளோடு பாடிய ஒரு அக்கா கேமராவைப் பார்த்துக் கை ஆட்டியதாகச் சொல்லும்போது மட்டும் குரல் ஒரு மாதிரி ஆனது. "எல்லாம் சரி. மெழுகுவர்த்தியோட பாக்கணும்," என்றாள்.

நான் அந்த வாரம் முழுக்கச் சோதனை செய்தேன். காலையில், மத்தியானத்தில், ஃபேன் எல்லாம் ஓடும்போது, ஸ்பீக்கர் அலறும்போது. ஒரு தடவையும் அறுந்து போகவில்லை. பெரிய வியாழன் பூசையும் பெரிய வெள்ளி ஆராதனையும் ஒழுங்காகப் போயின.

திருவிழிப்பு அன்று மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கோயில் இன்டர்நெட் இழுக்காது என்பதால் என் ஃபோனிலிருந்துதான் லைன் கொடுத்திருந்தேன். வீட்டில் அம்மா அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தாள். ஏழரை ஆனது. வாசல் பக்கம் நெருப்பு வாசம் வந்தது. விளக்குகளை அடைத்தார்கள். அந்த நொடியே கம்ப்யூட்டரில் 'டுடுங்' என்று ஒரு சத்தம். எதையாவது கழற்றினால் வருமே, அந்தச் சத்தம். தூண் கேமரா போய்விட்டது.

ஒரு நிமிடம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. அங்கிள் விளக்குகளை ஒவ்வொன்றாக அடைக்கிறவர் இல்லை. கோயிலின் மெயினையே இறக்கிவிடுவார். மாடிக்குத் தனி லைன். பலிபீடத்துக்குப் பின்னால் இருந்த பிளக்கோ பழைய காலத்தில் விளக்கு லைனிலிருந்து பிரித்தெடுத்தது. மெயின் இறங்கினால் அதுவும் செத்துவிடும்.

நான் பிறந்ததிலிருந்து ஒவ்வொரு வருடமும் அந்த இருட்டில் நின்றிருக்கிறேன். வயரிங் வேலைக்காரன் வேறு. ஆனால் அது ஒரு ஆள் சுவிட்சை இறக்கி வருகிற இருட்டு என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. பெரிய சனிக்கிழமை என்றால் இருட்டாகும், அவ்வளவுதான். எல்லா வெளிச்சத்திலும் சோதனை செய்த நான் இருட்டில் செய்யவில்லை.

மாடிக் கேமராவுக்கு மாற்றிவிட்டு, மரப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். ஓரமாகத் தடவிக்கொண்டே பலிபீடத்துக்குப் பின்னால் இருக்கிற அறைக்குப் போனேன். அங்கிள் மெயின் பெட்டிக்கு முன்னால் காவல் நின்றார்.

"யாரு?"

"நான்தான் அங்கிள். பீடத்துப் பிளக்குக்கு மட்டும் கரண்ட் வேணும்."

"அது லைட்டோட லைன். தூக்குனா எல்லாம் எரியும்."

"அங்கிள், அக்கா பாத்துக்கிட்டு இருக்கா."

அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெளியே ஃபாதர் செபம் சொல்வது கேட்டது. கோயில் நிறைய ஆட்கள் மூச்சுச் சத்தம் இல்லாமல் நின்றார்கள். அங்கிள் நகர்ந்து எனக்கு வழி விட்டார்.

"தூக்குறதுன்னா தூக்கு. ஆனா ஒன்னு. உங்கக்கா நிக்கிறப்ப ஒரு தடவ ஒருத்தன் இருட்டுல ஃபோன் லைட்ட தொறந்தான். பூச முடிஞ்சி அவன் என்ன பாடு பட்டான்னு உனக்குத் தெரியும்ல?"

தெரியும். வாசலில் வைத்து எல்லார் முன்னாலும் கிழித்தாள். அந்த ஆள் அடுத்த வருடம் வேறு கோயிலுக்குப் போய்விட்டார்.

மெயினில் கை வைத்தேன். சூடாக இருந்தது. விளக்கைப் போட்டால் அக்கா பார்க்க ஆசைப்பட்டதே அங்கே இருக்காது. போடாவிட்டால் அவளுக்குத் தெரியாது. இரண்டில் எதைச் செய்தாலும் அவளுக்குக் கிடைக்காது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கையை எடுத்தேன்.

அந்த அறைக் கதவு பலிபீடத்தைப் பார்த்துத் திறக்கும். கதவோரம் நின்றேன். பெரிய மெழுகுவர்த்தி வாசலில் வந்தது. முதலில் ஒரு புள்ளி. அப்புறம் கடைசி வரிசையில் ஒரு தாடை தெரிந்தது, ஒரு மூக்கு, ஒரு கண்ணாடி. பக்கத்து ஆள் குனிந்து மெழுகுவர்த்தியைச் சாய்த்தார். அவர் முகமும் இருட்டிலிருந்து வெளியே வந்தது. நெருப்பைக் கொடுக்கிற ஒவ்வொருவரும் கையால் மறைத்துக்கொண்டு மெதுவாகக் குனிகிறார்கள், கைக்குழந்தையை அடுத்தவர் கையில் கொடுப்பது போல. தங்களுக்குள் பேச்சில்லாத சண்டைக்காரர்கள் இரண்டு பேர் திரி ஒட்டிக்கொள்ளும்வரை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வரிசை வரிசையாக முகம் வந்துகொண்டே இருந்தது. யாரும் அழகாக இருக்க முயற்சி செய்யவில்லை. இதை ஒருவர் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பார் என்று அவர்களுக்குத் தெரியாது. எல்லாரும் எங்கிருந்தோ தப்பித்து வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

இவ்வளவும் இப்போது, உட்கார்ந்து யோசித்து எழுதுகிறேன். அன்றைக்கு என் வாயில் வரவில்லை.

நீளமான வாசகங்கள் எல்லாம் முடிந்து, வானவர் கீதம் பாடும்போதுதான் விளக்கைப் போட்டார்கள். பச்சை விளக்கும் எரிந்தது. கேமராவும் தானாகவே திரும்பி வந்தது. அதற்குள் மெழுகுவர்த்தியெல்லாம் அணைத்துவிட்டிருந்தார்கள்.

வீட்டுக்குப் போனபோது அக்கா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். எங்கள் வீட்டு விளக்கும் அடைத்திருந்தது. கோயிலில் இருட்டானதும் அவள்தான் அடைக்கச் சொன்னாளாம்.

"முதுகுதான் தெரிஞ்சிச்சு," என்றாள்.

"மெயின இறக்கிட்டாங்கக்கா. பெட்டிக்குக் கரண்ட் போயிருச்சு."

"மெயின இறக்குவாங்கன்னு உனக்குத் தெரியாதா? நீ வயர்மேன்தானே?"

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"எங்கேருந்து?"

"முன்னாலேருந்து."

அவள் கண் மாறியது. கையை நீட்டி என் சட்டையைப் பிடித்தாள். "சொல்லு."

"எல்லாரும்... மெழுகுவர்த்தி பிடிச்சிருந்தாங்க."

"அப்புறம்?"

"பின்னாலேருந்து முன்னால வந்துச்சு. மூஞ்சிங்க தெரிஞ்சிச்சு."

"எப்படி இருந்துச்சுடா?"

"நல்லா இருந்துச்சு அக்கா."

சட்டையை விட்டுவிட்டாள். "அது எனக்கே தெரியும்," என்று சொல்லி, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்குத் திரும்பிப் படுப்பது எவ்வளவு வலி என்று எனக்குத் தெரியும். இருந்தும் திரும்பினாள்.

அன்றைக்கு வயரிங் சாமான் பையைக் கீழே வைக்கும்போது உள்ளே கை பட்டது. ஃபோனுக்குச் சார்ஜ் ஏற்ற வைத்திருக்கும் பவர் பேங்க். முழு சார்ஜ். அந்தச் சின்னப் பெட்டிக்கு அது போதும். ஒரு பிளக்கும் வேண்டாம், மெயினும் வேண்டாம். மாடிக்கு ஓடிப் போய் எடுத்து வந்திருந்தால் ஐந்து நிமிடம். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொன்னதில்லை. இங்கேதான் முதல் தடவை.

அக்கா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் மீ கோரேங் வாங்கி வரச் சொன்னாள். வாங்கி வந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "காரம் பத்தல," என்றாள். கோபம் போய்விட்டதா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அதன் பிறகு மருந்து அதிகமானது, பேச்சு குறைந்தது. பெந்தகோஸ்துக்கு முந்தின வாரம் போய்விட்டாள். அதே கோயிலில்தான் அடக்கப் பூசை நடந்தது. எல்லா விளக்கும் எரிந்தது.

பிறகு பல மாதம் நான் அந்தக் கேமராப் பக்கமே போகவில்லை. வேறு யாரோ நேரலையைப் பார்த்துக்கொண்டார்கள். தொலைந்து போனவர்களைத் தேடுவது போலச் சில நாள் என் வாய் தானாகவே வார்த்தைகளைத் தேடும். மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது, ஏணியில் நிற்கும்போது. தாடை, மூக்கு, கண்ணாடி. சொல்லு, சொல்லு என்று அவள் என் சட்டையைப் பிடிப்பாள். இப்போது கேட்டால் என்னால் சொல்ல முடியும். ஒரு மணி நேரம்கூடச் சொல்வேன்.

இந்த வருடம் திருவிழிப்புக்கு ஃபாதர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். வர மாட்டேன் என்று சொல்லத்தான் போனேன். போன இடத்தில் பெட்டிக்குப் பவர் பேங்க் வைத்துக் கட்டிவிட்டு வந்தேன். அங்கிளைக் கூப்பிட்டு, பட்டப் பகலில் மெயினை இறக்கிக் காட்டச் சொன்னேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அங்கிள் மெயினைத் திரும்பத் தூக்கினார். என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

திருவிழிப்பு அன்று சாயங்காலம் மாடியில் உட்கார்ந்திருந்தேன். விளக்குகளை அடைத்தார்கள். 'டுடுங்' வரவில்லை. கம்ப்யூட்டரில் கருப்பாக இருந்தது. பிறகு அந்தப் புள்ளி வந்தது. நெருப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. இரண்டாம் வரிசைக்கு வந்தபோது அம்மா முகம் வெளிச்சமானது. போன வருடம் அம்மா வீட்டில் இருந்தாள். அதற்கு முந்தி எத்தனையோ வருடம் அதே இடத்தில்தான் நின்றிருப்பாள், எனக்குத் தெரியாது; நான் எப்போதும் பின்வரிசை. எல்லாரும் பெரிய மெழுகுவர்த்தி போகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் வாசக மேடைக்குப் பக்கத்தில், யாரும் நிற்காத இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேமரா அந்த இடத்துக்கு மேலேயே இருப்பதால் நேராக என்னைப் பார்ப்பது போலவே இருந்தது. மெழுகு உருகி அவள் விரலில் சொட்டியது. அவள் கையை மாற்றவில்லை.

ஃபாதர் பலிபீடத்துக்கு வந்ததும் மாடிக் கேமராவுக்கு மாற்ற வேண்டும். அதுதான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான் மாற்றவில்லை. பாஸ்கா புகழுரை பாடின நேரம் முழுக்க, மெழுகுவர்த்தி அணைக்கிறவரை, அந்த முகங்களையே விட்டுவைத்தேன்.

மறுநாள் ஈஸ்டர் பூசை முடிந்ததும் ஃபாதர் வாசலில் என்னைப் பிடித்தார்.

"என்ன தம்பி, ஆளுங்க ஃபோன் பண்றாங்க. நேத்து ரொம்ப நேரமா பீடத்தையே காட்டலையாமே?"

"மாத்த மறந்துட்டேன் ஃபாதர்," என்றேன்.

மறக்கவில்லை.